முல்கோவாலின் பத்தொன்பது மரணங்கள்: ஹாஃப்கின் பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானிகளின் வாழ்வைத் தனிமனித மேதைமையின் கதையாக எழுதுவதே வழக்கம். ஆயின் ஆய்வுகூடத்தில் நிறுவப்பெற்ற உண்மை சமூகத்தில் எவ்வாறு ஏற்கப்படுகிறது என்பதை அதிகார உறவுகளே பெரிதும் நிர்ணயிக்கின்றன. நுண்ணுயிரியலாளர் வால்டெமார் ஹாஃப்கினின் (1860–1930) வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ருஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், தின்குழியக் கொள்கையால் நிர்ப்பீடன ஆய்வுக்கு அடித்தளமிட்ட மெச்னிகோவின் மாணவர். ஜாராட்சி எதிர்ப்பியக்கத்தில் ஈடுபட்டுச் சிறைப்பட்டவர். மதம் மாற மறுத்தமையாற் பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. பாரிஸில் பாஸ்டர் நிறுவகத்தில் முதலிற் கிடைத்ததும் நூலகப் பணியே.

அங்கு வாந்திபேதிக்கான வக்சீனை ஆக்கி, 1892 யூலை 18 இல் தம் உடலிலேயே ஏற்றிப் பரிசோதித்தார். மறு ஆண்டில் இந்தியா சென்றார். 1894 இல் கல்கத்தாச் சேரிகளில், ஒரே வீட்டாருள் ஊசி ஏற்றியோரையும் ஏற்றாதோரையும் ஒப்பிட்டார். நீரும் உணவும் உறைவிடமும் பொதுவாயிருக்க, நோயிற் காணும் வேறுபாட்டை வக்சீனின் விளைவாகக் கொள்ளலாம் என்பதே இம்முறையின் தருக்கம்.

1896 இல் பம்பாயிற் பிளேக் பரவியது. நெய்த்துளிகள் மிதக்கும் திரவ ஊடகத்திற் பற்றீரியாக்களை வளர்த்து, வெப்பத்தாற் கொன்று, புதிய வக்சீனை ஆக்கினார். 1897 ஜனவரி 10 இல் அதனையும் தமக்கே ஏற்றிக்கொண்டார். பின்னர் பைக்குலாச் சிறையில், முன்வந்த கைதிகளுக்கு ஏற்றப்பட்டது. சிறையினுள் 'விருப்பம்' என்பதன் பொருள் யாது என்ற வினா ஈண்டு எழவே செய்யும். அதே ஆண்டிற் கொள்ளைநோய்ச் சட்டத்தின் துணையுடன் அரசு வீடுகளுட் புகுந்து சோதனையிட்டது. அவ்வரசின் கையிலிருந்த ஊசிக்கு மக்கள் அஞ்சியதை வெறும் அறியாமை என ஒதுக்குதல் வரலாற்று நோக்காகாது.

1902 ஒக்ரோபர் 30 இல், பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி ஏற்றப்பட்டது. ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் ஏற்புவலியால் இறந்தனர். காபோலிக்கமிலம் சேர்ப்பதைக் கைவிட்டு வெப்பத்தை மட்டும் பயன்படுத்தியமையே தவறென விசாரணைக் குழு முடிவுசெய்தது. வைத்தியப் பட்டமற்ற, யூதரான அந்நியர் மீது பழி எளிதிற் படிந்தது, அவர் பதவியிழந்தார்.

ஆயின் குப்பியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி நிலத்தில் விழுந்ததும், அது முறையாகக் கிருமிநீக்கம் செய்யப்படாததும் சாட்சியங்களிலேயே இருந்தன. குப்பியைத் திறந்தபோது துர்நாற்றமும் இருக்கவில்லை. ரொனால்ட் ரோஸ் உள்ளிட்ட அறிஞர் பதின்மர் 1907 இல் இலண்டன் 'ரைம்ஸ்' இதழில் இவற்றை எடுத்துக்காட்டினர். ஹாஃப்கின் கல்கத்தாவில் மீண்டும் பணிபெற்றார். பம்பாய் ஆய்வுகூடத் தலைமை திரும்பக் கிட்டவில்லை. 1925 இல் அவ்வாய்வுகூடத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதில் ஐயமில்லை. எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. இவ்வழக்குப் பேசப்படும்போதெல்லாம் விஞ்ஞானியின் மானமே நடுநாயகமாகிறது. பழி ஆய்வுகூடத்தை விட்டு நீங்கியபோதும் கடைநிலை உதவியாளரிடமே சென்றடைந்தது. முல்கோவாலின் பத்தொன்பது கிராமத்தவரோ வெறும் எண்ணாகவே எஞ்சினர். அறிவியலின் மக்கள்சார் வரலாறு அவர்களிடமிருந்தே தொடங்கப்பட வேண்டும்.