கழுகுமலை 'தென்னகத்தின் எல்லோரா', சிவகாசி 'குட்டி ஜப்பான்': இந்தப் பட்டங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது தெரியுமா?

கோவில்பட்டியில் சங்கரன்கோவில் பஸ் ஏறி உட்கார்ந்தால், பருத்தியும் உளுந்தும் கம்பும் விளைகிற கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு பாறைமலை எழும்பி நிற்பதைப் பார்க்கலாம். அதுதான் கழுகுமலை. 'தென்னகத்தின் எல்லோரா' என்று அதற்கு ஒரு பட்டம் உண்டு. எல்லோரா இருப்பது மகாராஷ்டிரத்தில், இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அந்த எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் நம் கழுகுமலை வெட்டுவான் கோயிலும் ஒரே நூற்றாண்டில் வெட்டப்பட்டவை என்பது தெரியுமா?

அங்கே ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன். இங்கே பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்து வேலை என்கிறார்கள். இரண்டுமே எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி! இரண்டிலும் ஒரே முறை: அஸ்திவாரத்திலிருந்து மேலே கட்டவில்லை, மலையின் தலையில் உளியை வைத்து, சிகரத்தை முதலில் செதுக்கி, அப்படியே கீழே இறங்கியிருக்கிறார்கள். கல்லை அடுக்கிக் கட்டும் கோயிலில் ஒரு கல் பழுதானால் வேறு கல் வைத்துக்கொள்ளலாம். மலையையே கோயிலாக வெட்டுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு பூதகணத்தின் மூக்கு உடைந்தால் உடைந்ததுதான்.

கழுகுமலையில் சுற்றிலும் சுமார் 25 அடி ஆழத்துக்குப் பாறையைக் குடைந்து அகற்றிவிட்டு, நடுவில் விட்ட பாறையில் விமானத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். தெற்குப் பக்கம் வந்து நின்று அண்ணாந்து பாருங்கள். தட்சிணாமூர்த்தி இருப்பார். மற்றக் கோயில்களில் ஆலமரத்தடியில் உட்கார்ந்து, வாய் பேசாமல் சின்முத்திரை காட்டி முனிவர்களுக்கு உபதேசம் செய்கிறவர் அவர். இங்கே மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார்! மௌனகுருவைத் தாளம் போட வைத்த அந்தச் சிற்பியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் எல்லோராவைப் பார்த்து நகலெடுத்தவர் இல்லை என்பதற்கு இந்த ஒரு சிற்பமே எனக்குப் போதும்.

இந்தக் கோயில் முடிக்கப்படவில்லை. மேல் பாதி பொற்கொல்லன் இழைத்த நகை மாதிரி இருக்கும். கீழே வந்தால் வெறும் பாறை. மேலே கோயில் வெட்டிய மகனின் உளிச் சத்தத்தைக் கேட்டு, கீழே சிலை செய்துகொண்டிருந்த தகப்பன் பொறாமையில் சம்மட்டியை எறிந்துவிட்டான், மகன் செத்தான், வேலை நின்றுபோனது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும். வேலை பாதியில் நின்றதால்தான், அந்தக் காலத்துத் தச்சர்கள் ஒரு மலையைக் கோயிலாக்க எங்கே ஆரம்பித்தார்கள், எப்படி இறங்கினார்கள் என்பதை இன்றைக்கும் கண்ணால் பார்க்க முடிகிறது. முழுசாக முடிந்துவிட்ட எல்லோரா கைலாசநாதர் கோயில் இந்த ரகசியத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டாது. பட்டம் சூட்டியவர்கள் இதைக் கவனித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதே மலையில் கொஞ்சம் தள்ளிப் போனால் சமணப் பள்ளி. வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பாகுபலி, பார்சுவநாதர், அம்பிகை. பல சிற்பங்களின் கீழ் அதைச் செய்வித்தவர் யார், எந்த ஊர் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய நூறு கல்வெட்டுகள்! அவற்றில் 'குரத்தியார்' என்று வருகிறவர்கள் யார் தெரியுமா? பெண் ஆசிரியர்கள்! ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால், இந்தக் கரிசல் மண்ணின் மலையில், சமணக் குருமாராக இருந்த பெண்களின் பெயர் பாறையில் நிற்கிறது. எல்லோராவிலும் சமணக் குகைகள் உண்டு என்பதால் பட்டம் இங்கேயும் பொருந்தத்தான் செய்கிறது. என்னைக் கேட்டால், இந்தப் பெண்களுக்காகவே கழுகுமலை தன் சொந்தப் பெயரில் உலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தூரத்து ஊர்ப் பெயரை நம் ஊருக்குச் சூட்டுவது தென்மாவட்டத்தில் பெரிய வழக்கம். பாளையங்கோட்டை 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு'. சிவகாசி 'குட்டி ஜப்பான்'. நேரு கொடுத்த பட்டம் என்பார்கள். சுறுசுறுப்பைப் பார்த்துச் சூட்டிய பெயர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் சிவகாசிக்கும் ஜப்பானுக்கும் நிஜமாகவே ஒரு கொடி ஓடுகிறது!

நூறு வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டு அடுப்பை எரிய வைத்தது யார் தெரியுமா? ஸ்வீடனும் ஜப்பானும்! அங்கிருந்துதான் இந்தியாவுக்குத் தீப்பெட்டி கப்பலில் வந்தது. ஜப்பான்காரர்கள் வியாபாரத்தில் எவ்வளவு கெட்டி என்றால், இந்தியச் சந்தைக்கு என்றே நம் சாமி படங்களைப் போட்டு லேபிள் அச்சடித்து அனுப்பினார்கள். 1910 வாக்கில் கல்கத்தாவில் குடியேறிய சில ஜப்பானியக் குடும்பங்கள் அங்கேயே தீப்பெட்டி செய்யத் தொடங்க, உள்ளூர்க்காரர்கள் தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். 1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு வரி ஏறியது. அதே வருஷம் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அங்கே பூர்ண சந்திர ராய் என்பவரிடம் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பின்னால் அணில், காக்கா என்று நாடே அறிந்த மார்க்குகள் அந்த இரண்டு குடும்பங்களிலிருந்து வந்தவைதான். ஜப்பானிலிருந்து கல்கத்தா, கல்கத்தாவிலிருந்து சிவகாசி, அங்கிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை! 'குட்டி ஜப்பான்' என்பது வெறும் பாராட்டு இல்லை, தொழில் வந்த வழியே அதில் இருக்கிறது.

எங்கள் பக்கம் யாரும் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்லமாட்டார்கள். 'தீப்பெட்டி ஆபீஸ்'. "அக்கா எங்க?" என்று கேட்டால், "தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கப் போயிருக்கா" என்று பதில் வரும். ஒரு மரச்சட்டத்தின் பள்ளத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக, தலை தூக்காமல், சமமாகப் பரப்ப வேண்டும். அதன்மேல் 'ரீப்பர்' எனும் இன்னொரு சட்டம், மறுபடி குச்சி. நிறைந்ததும் இறுக்கி, மெழுகில் முக்கி, மருந்தில் முக்குவார்கள். ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தாலும் மருந்து சரியாக ஏறாது. தேர்ந்த கைகள் குச்சியைப் பார்ப்பதுகூட இல்லை. பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே விரல் தானாக ஓடும். மழை பொய்த்த வருஷங்களில் கரிசல் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியவை இந்த விரல்கள்.

அந்த விரல்களில் சின்னஞ்சிறு விரல்களும் இருந்தன. குழந்தைகளை வேலைக்கு வைக்கும் ஊர் என்றுதான் வெளிநாட்டுப் பத்திரிகைகள் ரொம்ப காலம் சிவகாசியை அறிந்திருந்தன. 1996-ல் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் கொடுத்த தீர்ப்பு நாடு முழுவதற்கும் வழிகாட்டியானது. ஒரே ஊருக்கு உள்ளூரில் 'குட்டி ஜப்பான்' என்று மாலை, வெளியே அப்படி ஒரு கறை. இரண்டுமே உண்மையாக இருந்த காலம் அது.

ஊர்ப் பெயருக்கும் நாட்டுப் பெயருக்கும் ஒட்டிய கறை போகுமா? போகும்! 'மேட் இன் ஜெர்மனி' என்ற முத்திரை எப்படி வந்தது தெரியுமா? ஜெர்மானியர்கள் பெருமைக்குப் போட்டுக்கொண்டது இல்லை. ஜெர்மன் சரக்கு மட்டமானது, வாங்குகிறவன் பார்த்து ஏமாறாமல் இருக்கட்டும் என்று 1887-ல் பிரிட்டன் சட்டம் போட்டுக் குத்த வைத்த முத்திரை அது! சில வருஷங்களிலேயே அந்த எழுத்தைத் தேடி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். 'ஜப்பான் சாமான்' என்றால் சல்லிசான, சீக்கிரம் உடைகிற சாமான் என்று மேலைநாட்டார் முகம் சுளித்த காலமும் இருந்தது. இன்றைக்கு அந்தப் பேச்சு எங்கே போனது!

சரி, நம் மண்ணை வெளியுலகம் என்னவாகப் பார்த்தது? இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஐரோப்பிய மருந்துக்கடைகளில் 'டின்னவெல்லி' என்றால் நெல்லையப்பரும் இல்லை, அல்வாவும் இல்லை. மலச்சிக்கலுக்கு மருந்து! நம் வானம் பார்த்த பூமியில் விளையும் நிலாவரை இலை 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயரில் தூத்துக்குடி துறைமுகம் வழியாகக் கப்பலேறி, பிரிட்டிஷ் மருந்து நூலிலேயே இடம் பிடித்துவிட்டது. அதற்குப் போட்டி எகிப்து வழியாக வந்த 'அலெக்சாண்டிரியா சென்னா'. பருத்தி வியாபாரிகளுக்கோ 'டின்னவெல்லி' என்பது ஒரு பஞ்சு ரகம். காட்டில் குனிந்து இலை பறித்தவர்களுக்குத் தங்கள் ஜில்லாவின் பெயர் லண்டன் மருந்துச் சீசாவில் இருப்பது தெரிந்திருக்குமா?

இன்னும் பின்னால் போவோம். 1290-களில் மார்க்கோ போலோ நம் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். வெனிஸ் நகரத்துக்காரருக்கு நம் ஆட்களைப் பார்த்ததும் எது முதலில் கண்ணில் பட்டது தெரியுமா? இந்த நாட்டில் தையல்காரனே கிடையாது என்று எழுதிவைத்தார்! ராஜா முதற்கொண்டு எல்லோரும் இடுப்பில் ஒரு துணிதான். ராஜாவுக்குக் கூடுதலாக முத்தும் மணியும். தண்ணீர் குடிக்கும்போது பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் உயரத் தூக்கி ஊற்றிக்கொள்கிறார்கள் என்றும் வியந்தார். எழுநூறு வருஷம் கழித்து இன்றைக்கும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பாட்டிலை அண்ணாந்து குடிக்கிறவர்களைப் பாருங்கள்!

எனக்கு மிகவும் பிடித்தது அவர் எழுதிய இன்னொரு சங்கதி. இந்த நாட்டில் கறுப்பாக இருப்பவனுக்குத்தான் மதிப்பு அதிகம். பிள்ளைகளுக்கு நல்லெண்ணெய் தேய்த்து இன்னும் கறுப்பாக்குகிறார்கள். சாமியைக் கறுப்பாகவும் பேயை வெள்ளையாகவும் வரைகிறார்கள் என்கிறார். சிவப்பழகு கிரீம் விற்கும் இந்தக் காலத்தில் இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்புறம் வந்தவர்கள் நம் பெயரையே மாற்றிவிட்டார்கள். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலின் முகப்பில் போர்த்துக்கீசியர் நம் மொழியை 'மலபார் தமிழ்' என்று போட்டார்கள். இலங்கையில் ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தமிழரை 'மலபார்' என்றே எழுதினார்கள். ரீயூனியன் தீவில் தமிழ் வம்சாவளியினர் இன்றுவரை 'மல்பார்'தான்! மலாய் நாட்டில் 'கெலிங்'. கலிங்கத்திலிருந்து வந்த பெயர். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-ல் எழுந்தபோது அது சாதாரண வார்த்தை. இன்றைக்கு மலேசியத் தமிழர் முகத்துக்கு நேரே சொன்னால் மனம் புண்படும் வசை.

தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்கள் தமிழர்களை 'சாமி' என்று கூப்பிட்டார்கள். ராமசாமி, முத்துசாமி என்ற பெயர்களின் வாலைப் பிடித்துக்கொண்டு இளக்காரமாகக் கூப்பிட்டது. அதற்கு நம் ஆட்களில் துணிந்தவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதைக் காந்தி தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார்: சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உமக்கு எஜமான் இல்லையே!

நாமும் சும்மா இருக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் உலகமெங்கும் பரவிய மேகநோயை இங்கிலாந்துக்காரரும் இத்தாலிக்காரரும் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ரஷ்யருக்கு அது போலந்து நோய். நமக்கு? பறங்கிப் புண்! அதைத் தீர்க்க நம் சித்த வைத்தியர்கள் கொடுத்த மூலிகையோ சீனாவிலிருந்து வந்தது. அதற்கும் பறங்கிப்பட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நோய் மட்டுமா? வான்கோழியைக் கேளுங்கள். அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். ஆங்கிலேயர் அதைத் துருக்கிப் பறவை என்று நினைத்து 'டர்க்கி' என்றார்கள். துருக்கியரோ இந்தியாவிலிருந்து வந்தது என்று 'ஹிந்தி' என்கிறார்கள். பிரெஞ்சிலும் இந்தியக் கோழி. டச்சுக்காரர் நம் கள்ளிக்கோட்டையைப் பிடித்து 'கல்கூன்' ஆக்கிவிட்டார்கள். மலாய்க்காரருக்கு அது டச்சுக்கோழி! இவர்களில் யாருமே அமெரிக்கா என்று சொல்லவில்லை. நம் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக்கருவேலும் அதே அமெரிக்கக் கண்டத்து மரம்தான். கடல் தாண்டி வந்தது எல்லாம் நமக்குச் சீமை.

வெளியே இருந்து யாரும் சூட்டாமல், எந்தப் பெரிய ஊரின் பெயரையும் கடன் வாங்காமல், தானே சம்பாதித்த பட்டமும் இந்தப் பக்கம் உண்டு. கோவில்பட்டிக்கு 'ஹாக்கிபட்டி' என்று பெயர். தெருவுக்குத் தெரு மட்டை பிடித்த ஊர் அது. 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றபோது அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பையன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2020-ல், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வறுத்த கடலை, வெல்லப்பாகு, மேலே தூவிய ரோஸும் பச்சையும் மஞ்சளுமான தேங்காய்த் துருவல். இனி இந்தப் பகுதிக்கு வெளியே யாரும் தம் மிட்டாய்க்குக் கோவில்பட்டி என்று பெயர் வைத்து விற்க முடியாது!