மன்னார் வளைகுடாவின் ஓதக்குட்டைகள்

 இராமநாதபுரம் மாவட்டக் கரையை ஒட்டி, இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையில், 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைக்கப்பட்டது.

நிலவின் ஈர்ப்பால் உயரும் ஓதம் வடியும்போது கரடுமுரடான பவளப்பாறைக் குழிகளில் தேங்கும் நீரே ஓதக்குட்டை எனப்படும். இங்கு ஓத ஏற்றஇறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அவை ஆழமற்றவை. ஆயினும் வெயிலில் சூடேறி உப்பு மிகும் அச்சிறு நீரில் நண்டும் நட்சத்திரமீனும், தீண்டியதும் சுருங்கும் கடற்சாமந்தியும் உயிர்தாங்கி நிற்பது வியக்கத்தக்கது. கடற்புல் மேயும் பாலூட்டியான ஆவுளியா, அதாவது கடற்பசு, இவ்வளைகுடாவில் அரிதாகவே தென்படுகிறது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டப்பட்டதால் அலைத்தடுப்பை இழந்த விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. இது வருந்தத்தக்க இழப்பு. வனத்துறை அனுமதியின்றித் தீவுகளில் இறங்கக் கூடாது. அனுமதி பெற்றுச் செல்வோரும் உயிருள்ள பவளத்தை மிதிக்காமல், புரட்டிய கல்லை இருந்தபடியே வைப்பது இன்றியமையாதது, ஏனெனில் அதன் அடிப்புறமே பல உயிர்களின் நிழல்.