கடல் வாங்கிய சூடு திரும்பி வருமா?

புவி வெப்பமாதலால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. அது அங்கேயே கிடக்குமா, மேலே திரும்புமா? விடையில் ஒரு பங்கு, சில கிலோமீட்டர் அகலமே உள்ள சின்ன நீரோட்டங்களிடம் இருக்கிறது.

வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதாக நினைச்சுப் பாருங்க. கனமான குளிர்நீர் அடியில் நழுவும். லேசான சூட்டுநீர் அதன்மேல் ஏறிப் படரும். அவ்வளவுதான் விஷயம். ஆனா விளைவைக் கவனிங்க: சூடு மேலே போகிறது. காற்று கடலைக் கலக்கும்போது பெரும்பாலும் மேற்பரப்புச் சூடு கீழே இறங்கும்; இது அதற்கு நேர் எதிர்.

நுண்ணிய கணினி மாதிரியை வைத்து 2018இல் வந்த ஆய்வு, நடு அட்சரேகைகளின் குளிர்காலத்தில் இந்தச் சின்ன ஓட்டங்கள் பெரிய சுழல்களைவிட சுமார் ஐந்து மடங்கு வெப்பத்தை மேலே தூக்குவதாகச் சொன்னது.

கணக்கு சரி, கடலில் யார் பார்த்தது? எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: ஒரு யானை சீல்! தெற்கே கெர்குலன் தீவிலிருந்து கிளம்பிய அதன் தலையில் ஒட்டிய கருவி, 2014 கடைசியில் தொடங்கி சுமார் மூன்று மாதம், ஒவ்வொரு முக்குளிப்பிலும் வெப்பமும் உப்பும் அளந்தது. சில நூறு மீட்டர் ஆழத்திலும் சூடு மேலேறுவது அதில் தெரிந்தது.

பல காலநிலை மாதிரிகளின் கட்டங்கள் பத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலம். பெரிய கண்ணி வலையில் நெத்திலி சிக்குமா? அதனால் சூத்திரம் போட்டு ஈடுகட்டுகிறார்கள். அந்தச் சூத்திரம் தப்பினால், கடல் எவ்வளவு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்ற கணக்கும் தப்பும்.