காவல் காத்த நாய்க்குத் தோல் காய்கிறதா? பூச்சிமருந்து பக்கம் போகாதீங்க!

உறையூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூரையில்லாமல் வெயிலையும் மழையையும் தாங்கி அமர்ந்திருக்கும் வெக்காளியம்மன் ஊர் அது. சித்திரையில் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாது. அந்தத் தரையில்தான் பத்துப் பன்னிரண்டு வருசமா வீட்டையும் வயலையும் காத்த நாய் படுத்துக் கிடக்கிறது. முடி மங்கி, முதுகில் தவிடு மாதிரி பொடுகு உதிர்ந்து, ராத்திரி பூரா சொறிகிறது. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’னு நாமும் விட்டுவிடுகிறோம்.

வயதான நாய்க்குத் தோலில் எண்ணெய் சுரப்பது குறையும். மூட்டு வலியால் உடம்பை வளைத்து நக்கிச் சுத்தம் செய்யவும் முடியாது. தோல் காய்ந்து வெடிக்கும். சொறிந்த இடத்தில் கிருமி புகுந்து புண்ணாகும்.

இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. உண்ணி, சொறி என்றதும் பயிருக்கு அடிக்கிற பூச்சிக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து நாய் மேல் ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தோல் வழியாகவும், நக்கும்போது வாய் வழியாகவும் விஷம் உள்ளே போகும். எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து நாய் செத்துப்போகும். வயலில் வேண்டாம் என்று ஒதுக்கியதை வாசலில் மட்டும் ஏன் விட வேண்டும்? யாராவது தெரியாமல் ஊற்றிவிட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, மருந்து டப்பாவோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

மாட்டு மருந்து அப்படியே ஆகாது

கோமாரிப் புண்ணுக்கு நம்ம மாடுகளுக்குப் போடும் மரபு மருந்து பலருக்கும் தெரியும்: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, மஞ்சள், பூண்டு இவற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சுவது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய முறை அது. ஆனால் நாய், தடவியதை எல்லாம் நக்கும். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். அதனால் அந்தத் தைலத்தை நாய்க்குத் தடவாதீர்கள்.

வெறும் வறட்சிக்கு மரச்செக்குத் தேங்காயெண்ணெய் போதும். உள்ளங்கையில் சில சொட்டு விட்டுத் தேய்த்து, காய்ந்த இடத்தில் மட்டும் மெல்லத் தடவுங்கள். நக்காமல் இருக்கக் கொஞ்ச நேரம் கூடவே இருங்கள். வேப்பெண்ணெயைத் தனியாகப் பூசக் கூடாது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தேங்காயெண்ணெய் கலந்து, முதலில் சின்ன இடத்தில் போட்டுப் பாருங்கள். வெடித்து ரத்தம் கசியும் புண்ணில் எதையும் பூச வேண்டாம்.

குளியல், தீனி, படுக்கை

நம் தோல் புளிப்புத் தன்மை உள்ளது. நாயின் தோல் அப்படியில்லை. அதனால் நம்ம சோப்பு, ஷாம்பு அதற்கு ஆகாது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர், நாய்க்கான ஷாம்பு போதும். ஓட்ஸை நைசாக அரைத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பத்து நிமிஷம் கழித்து அலசினால் அரிப்பு அடங்கும். தினமும் சீப்பால் வாரிவிட்டால் இருக்கிற எண்ணெய் பரவும். உண்ணியும் கண்ணில் படும்.

வெறும் பால்சோறு தோலுக்குப் போதாது. முட்டையும், உப்பு, காரம், வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்து முள் எடுத்த மத்தி மீனும் வாரம் இரண்டு முறை கொடுங்கள். மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு வேலை செய்ய ஆறேழு வாரம் ஆகும், பொறுமை வேண்டும். நிழலில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

சிமெண்டில் படுத்தே முழங்கையில் காய்ப்பு விழும். சணல் சாக்கில் வைக்கோல் அடைத்து, மேலே பழைய நூல்சேலையைப் போட்டு விரியுங்கள். நெசவுக்குப் பேர்போன ஊரில் பழைய நூல்சேலைக்கா பஞ்சம்? வாரம் ஒருமுறை வெயிலில் உலர்த்துங்கள்.

எப்போது மருத்துவர்?

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டி, உடம்பு பெருத்து, சோர்ந்து கிடந்தால் தைராய்டு குறைவாக இருக்கலாம். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, வயிறு தொங்கினால் வேறு சுரப்பிக் கோளாறு இருக்கலாம். வட்ட வட்டமாக முடி கொட்டினாலும், வீட்டு மனுசருக்கும் அரிப்பு வந்தாலும் பூஞ்சையோ சொறிப் பூச்சியோ காரணமாகலாம். இவற்றுக்கு எண்ணெய் போதாது. தோலைச் சுரண்டிப் பார்த்து, ரத்தம் சோதித்துத்தான் மருந்து தர வேண்டும். தாமதிக்காமல் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பால் கறக்கவில்லை, முட்டையிடவில்லை என்றாலும் நாயும் நம் பண்ணையின் உயிர்தான். கிழமாடு மாதிரி அதற்கும் கடைசி காலத்தில் ஒரு கவனிப்பு உண்டு.