வீட்டில் வந்தது வகுப்பில் வராதது ஏன்?

ஞாயிற்றுக்கிழமை காலை. வயலின் ஆசிரியர் வீட்டுக் கூடம். "போன வாரம் சொல்லிக்கொடுத்த ஜண்டை வரிசையை வாசி, பார்க்கலாம்" என்கிறார் ஆசிரியர். மாணவன் வில்லை எடுக்கிறான். ஏறும்போது சரியாகவே போகிறது. இறங்கும்போது 'நிநி தத' என்ற இடத்தில் விரல் தடுமாறுகிறது. மறுபடி தொடங்குகிறான், அதே இடத்தில் மறுபடியும் தடுமாற்றம். கண் கலங்கிவிடுகிறது. "வீட்டில் நன்றாக வந்தது, சார்!"

இசை பயிலும் மாணவர் பலரும் ஒரு நாளாவது சொல்லியிருக்கும் வார்த்தை இது. நாலைந்து வாரம் இப்படியே நடந்தால், "எனக்குச் சங்கீதம் வராது" என்று வகுப்பையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. வீட்டில் உண்மையாகவே நன்றாக வந்தது. அப்படியானால் ஓர் இரவுக்குள் அது எங்கே போயிற்று?

பத்தாவது தடவையும் முதல் தடவையும்

வகுப்புக்கு முந்தின நாள் மாலை அவன் ஒரு மணி நேரம் சாதகம் செய்தான். ஒன்பது தடவை தவறியது. பத்தாவது தடவை சரியாக வந்தது. மகிழ்ச்சியோடு வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டான். ஆசிரியர் கேட்பதோ பத்தாவது தடவையை அல்ல, மறுநாளின் முதல் தடவையை! அப்போதுதான் செய்த ஒன்றை உடனே திரும்பச் செய்வது எளிது. ஓர் இரவு கழித்து நினைவிலிருந்து எடுப்பது வேறு வேலை.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1885-இல் நினைவாற்றலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து பார்த்தவர் அவர். ஒரே நாளில் 68 தடவை படித்ததால் கிடைத்த பயனை, மூன்று நாட்களில் பிரித்துப் படித்த 38 தடவைகளே அவருக்குத் தந்துவிட்டன. ஒரே நாளில் 60 நிமிடம் உழைப்பதைவிட, நாளுக்கு 10 நிமிடமாக 6 நாள் உழைப்பது மேல் என்பதற்கு இதுவே காரணம்.

தவறும் பயிற்சி பெறுகிறது

தவறு நேர்ந்தவுடன் முதலிலிருந்து தொடங்குவது நம்மில் பலருக்கும் வழக்கம். இதனால் ஏற்கெனவே நன்றாக வரும் தொடக்கமே மேலும் மெருகேறுகிறது. கடினமான இடமோ தவறாகவே திரும்பத் திரும்ப வாசிக்கப்படுகிறது. அடிக்கடி நடப்பது எதுவோ, அதுவே பழக்கமாகிவிடும்.

ஆகவே, தடுமாறும் நான்கு ஸ்வரங்களை மட்டும் தனியே பிரித்து எடுங்கள். தவறே வராத அளவுக்கு மெதுவாக வாசியுங்கள். மெதுவாகப் போனால்தான் காது சுருதியைக் கவனிக்கும். விரலைத் திருத்த நேரமும் கிடைக்கும். தொடர்ந்து மூன்று தடவை சரியாக வந்தபின், முன்னும் பின்னும் ஸ்வரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகம் கடைசியில் வரட்டும். முதற்காலம் உறுதியான பிறகே இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று நம் ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் பொருளும் இதுதான்.

தூக்கத்திலும் வேலை நடக்கிறது

அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2002-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். இடக்கை விரல்களால் ஒரு குறிப்பிட்ட வரிசையில் விசைகளைத் தட்டச் சிலருக்குப் பயிற்சி அளித்தனர். பகலில் 12 மணி நேரம் விழித்திருந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. ஓர் இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகமோ, சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது! இதில் தூக்கத்தின் பங்கு எவ்வளவு என்பது பற்றி ஆராய்ச்சியாளரிடையே விவாதம் உண்டு. ஆயினும் இரவெல்லாம் விழித்துச் சாதகம் செய்வது பயன் தராது என்பது தெளிவு.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஒரே அளவு கடினமான இரண்டு புதிய வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாணயத்தைச் சுண்டி, ஒன்றை 'அ' என்றும் மற்றதை 'ஆ' என்றும் குறியுங்கள். 'அ'வை நாள்தோறும் 10 நிமிடமாக 6 நாள் வாசியுங்கள். 'ஆ'வை ஆறாம் நாள் மட்டும் 60 நிமிடம் வாசியுங்கள். ஏழாம் நாள் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எது எந்த வரிசை என்று சொல்லாமல், இசை தெரிந்த ஒருவரைத் தவறுகளை எண்ணச் சொல்லுங்கள். விடை உங்கள் நோட்டில் இருக்கும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஆசிரியர் உங்களுடன் இருப்பது ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில், வீட்டில் செய்திருக்க வேண்டிய சாதகத்தையே அவர் எதிரில் செய்துகொண்டிருந்தால் நஷ்டம் யாருக்கு? தடுமாறிய இடத்தை அன்றன்றே குறித்து வைத்து, கேள்வியோடு வகுப்புக்குப் போங்கள்.

அடுத்த ஞாயிறு நம் மாணவன் கலங்க வேண்டியதில்லை. "சார், 'நிநி தத' என்ற இடத்தில் எந்த விரலை முதலில் எடுப்பது?" என்று கேட்டால் போதும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.