டாக்டருக்கும் மனசு உண்டு



குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் ஓடுகிறோம். பிரசவ வலி கண்டால் நர்சம்மாவைத் தேடுகிறோம். ஊரெங்கும் கொள்ளைநோய் பரவும் காலத்தில் அவர்கள் மனசு என்ன பாடுபடுகிறது என்று யோசித்தது உண்டா? “அவங்களுக்கு என்ன கவலை? மருந்து கையிலேயே இருக்கு” என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல.

கொரோனா காலத்தில் நடந்தது என்ன?

2020 மார்ச் 11-ந் தேதி, கொரோனா உலகம் தழுவிய கொள்ளைநோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அப்போது அதற்குத் தடுப்பூசி கிடையாது. நம் நாட்டில் 2021 ஜனவரி 16-ந் தேதிதான் ஊசி போடத் தொடங்கினார்கள். அதுவரை டாக்டர்களும் நர்சுகளும் உடம்பு முழுவதும் மூடும் உடையை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றார்கள். வியர்வையைத் துடைக்க முடியாது. உடையைக் கழற்றாமல் தண்ணீர் குடிக்கவும் முடியாது.

மனசில் ஏறிய பாரம் இன்னும் பெரிது. “வீட்டிலே இருக்கிற பச்சைப் பிள்ளைக்கு நம்மாலே நோய் வந்துடுமோ” என்ற பயம். அதனால் பல நாள் குடும்பத்தை விட்டுத் தனியே தங்கினார்கள். 2021-ல் இரண்டாவது அலை வந்தபோது படுக்கையும் ஆக்சிஜனும் பல இடங்களில் போதவில்லை. கண் முன்னே உயிர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதை விடக் கொடுமை டாக்டருக்கு வேறு இல்லை.

சீனாவில் 2020 தொடக்கத்தில் 34 ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த 1,257 டாக்டர்களையும் நர்சுகளையும் விசாரித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி இருந்தது. 100-க்கு 34 பேருக்குத் தூக்கம் சரியாக இல்லை.

ஊரார் செய்த கொடுமை

நோயை விட அதிகமாக மனசை வாட்டியது சிலருடைய நடத்தை. “வீட்டைக் காலி பண்ணுங்க” என்று விரட்டியவர்கள் உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த டாக்டர் ஒருவரை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து தாக்கியது. கூட இருந்த டாக்டர் ஒருவரே போலீஸ் காவலோடு நள்ளிரவில் அடக்கத்தை முடிக்க நேர்ந்தது. முறைப்படி மூடிக் கட்டி அடக்கம் செய்த உடலால் அக்கம்பக்கத்தாருக்கு நோய் வராது. அறியாமைதான் அன்று கல்லை எடுத்தது.

அதே மாதம் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அது நிரந்தரச் சட்டம் ஆயிற்று. கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை. பலத்த காயம் என்றால் 7 வருடம் வரை.

இதனால் நமக்கு என்ன?

தூக்கமில்லாத கை நடுங்கும். கலங்கிய மனசு தவறும். டாக்டரின் மனசு நன்றாக இருந்தால்தான் நம் தாய்க்கும் சேய்க்கும் நல்ல வைத்தியம் கிடைக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆஸ்பத்திரியில் கூட்டம் போடாதீர்கள். நோயாளியோடு ஒருவர் போனால் போதும்.

2. நோயை மறைக்காதீர்கள். என்றைக்குக் காய்ச்சல் கண்டது, எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

3. தடுப்பூசி போடச் சொன்னால் கணவன் மனைவி இருவருமே போட்டுக்கொள்ளுங்கள்.

4. வீடு தேடி வரும் கிராம சுகாதார நர்சைத் திண்ணையில் உட்காரச் சொல்லி ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். “சாப்பிட்டீங்களாம்மா?” என்ற ஒரு வார்த்தை போதும்.

5. உங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவரா? வீடு திரும்பியதும் குறை சொல்லாதீர்கள். பேச விடுங்கள். வீட்டு வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காதது, எரிந்து விழுவது, தனியே அழுவது, “செத்தா தேவலை” என்று பேசுவது – இவை மனச்சோர்வின் அடையாளங்கள். டாக்டருக்கும் வரும், உழவருக்கும் வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

நம்மைக் காப்பவர் மனம் காப்போம்!
நம் குடும்ப நலம் காப்போம்!