ஆங்கிலத்தில் குரலும் பேச்சும்: சொற்பொருள் வரலாறு குறித்த ஒரு நோக்கு

ஆங்கிலத்தில் பேச்சைக் குறிக்கும் சொற்கள் இருவேறு மூலங்களைக் கொண்டவை. ‘ஸ்பீக்’, ‘சே’, ‘டெல்’ போன்றன பழைய ஆங்கிலத்திற்கே உரியவை. ‘வாய்ஸ்’, ‘அட்வகேட்’, ‘வெர்டிக்ட்’, ‘பார்லிமென்ட்’ போன்றன இலத்தீன வேர்களிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாகப் புகுந்தவை. அன்றாடப் பேச்சுக்கு முன்னவை, அதிகாரம் சார்ந்த பேச்சுக்குப் பின்னவை என்னும் பாகுபாடு, 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதன் விளைவாகும். நீதிமன்றங்களில் பிரெஞ்சு மொழி வேரூன்றியபின், எளிய குடிமகன் தன் வழக்கிலேயே பிறர் நாவை நம்பி நிற்க நேர்ந்தது. வழக்குரை ஆங்கிலத்தில் நிகழ வேண்டுமென 1362ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பிரெஞ்சு மொழியை மக்கள் அறியார் என்பதே அது காட்டிய காரணம். அச்சட்டமும் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது என்பது நகைப்புக்குரியது.

இப்பாகுபாட்டிற்கு முந்தைய நிலையை ‘ஆன்சர்’ என்னும் சொல் காட்டும். ‘எதிர்’ என்னும் பொருளுடைய முன்னொட்டும் ‘ஆணையிட்டுக் கூறல்’ என்னும் பொருளுடைய வேரும் இணைந்தது அது. குற்றச்சாட்டை மறுத்துச் சத்தியம் செய்தலே அதன் தொடக்கப் பொருள். இன்று மாணவர் தேர்வுத்தாளில் எழுதும் விடையைக் குறிக்கும் அளவிற்கு அது எளிமையாகிவிட்டது.

‘வாய்ஸ்’ என்பதன் வரலாறு தமிழாசிரியர்க்குத் தனிச் சுவை பயப்பது. ‘ஸ்டெவன்’ என்னும் பழஞ்சொல்லை வழக்கிலிருந்து அகற்றிய இச்சொல், ஒலியைக் குறித்ததோடு, ஒருவர் அளிக்கும் ஒப்புதலையும் குறிக்கலாயிற்று. ஷேக்ஸ்பியரின் ‘கொரியோலேனஸ்’ நாடகத்தில், பதவி நாடும் போர்வீரன் குடிமக்களிடம் வேண்டி நிற்பது அவர்தம் ‘குரல்’களையே. நாம் தேர்தலில் அளிக்கும் ‘வாக்கு’ம் அத்தகையதே. வடமொழி ‘வாக்’ என்பதிலிருந்து வந்த இச்சொல்லும், ‘வாய்ஸ்’ என்பதன் மூலமான இலத்தீனச் சொல்லும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். தொலைவிலுள்ள இருமொழிகளிலும் பேச்சே தேர்வுரிமையாகப் பொருள் விரிந்தமை கருதத்தக்கது.

மொழிபெயர்ப்பில் எப்போதும் இவ்வியைபு வாய்ப்பதில்லை. பிரெஞ்சில் பேசுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது ‘பார்லிமென்ட்’. ‘நாடாளுமன்றம்’ என்னும்போது ஆட்சி நிற்கிறது, பேச்சு மறைகிறது. ‘ஸ்பீக்கர்’ என்பதன் நிலையும் இதுவே. மலேசியாவில் வழங்கும் ‘சபாநாயகர்’, சிங்கப்பூரில் வழங்கும் ‘நாடாளுமன்ற நாயகர்’ ஆகிய இரண்டும் தலைமையை மட்டுமே சுட்டுகின்றன. வழக்கிற்கு இவை பொருந்துவனவே, மாற்ற வேண்டுவதில்லை. எனினும், விவாதத்தில் கலந்துகொள்ளாதவருக்குப் ‘பேசுபவர்’ என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது என மாணவர் வினவக்கூடும். அவர் பேச வேண்டியிருந்தது அவையினரிடம் அன்று. அவையின் சார்பாக மன்னரிடம். 1376இல் பீட்டர் டி லா மேர் என்பவர் பொதுமக்கள் அவைக்காகப் பேசி, அரசவையினரின் முறைகேடுகளை எடுத்துரைத்தார். பின்னர் நாட்டிங்ஹாம் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். அப்பதவிப் பெயருடன் முதன்முதலாக அறியப்படும் தாமஸ் ஹங்கர்ஃபோர்டு பொறுப்பேற்றது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.